பழைய ரிவால்வரில் பேரலைப் பொருத்திய விதம்: பின் (pin, குறுக்கே செருகும் சின்ன ஊசி) அடித்திருந்தால் தரம் என்று சொல்லிவிடலாமா?

தம்பி கேட்டிருப்பது சுருக்கமாக இது. தாத்தா மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியின்போது 1948-இல் அறிவிக்கப்பட்ட அவசரகாலத்தில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக இருந்தார். அவர் தோட்டத்துத் துரையோடு நிற்கும் பழைய படத்தில் துரையின் இடுப்பில் ஒரு ரிவால்வர் தெரிகிறது. அது எந்த வகை என்று தேடப்போன இடத்தில், "பேரலில் பின் அடித்த பழைய ரிவால்வர்தான் தரம், பின் இல்லாதது மட்டம், வெப்லி மாதிரி நடுவில் மடிவது பலவீனம்" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: பேரலை (குண்டு வெளியேறும் குழாய்) சட்டத்தோடு (துப்பாக்கியின் உடல்) சேர்த்த முறையை மட்டும் பார்த்து ஒரு ரிவால்வரின் தரத்தைச் சொல்லிவிட முடியுமா? முடியாது என்பதுதான் என் பதில். ஆனால் அந்தச் சேர்ப்பு எவ்வளவு சுத்தமாகச் செய்யப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் ரிவால்வரைப் பற்றி நிறையவே சொல்லலாம். ஏன் என்று விளக்குகிறேன்.

நான் போலீஸ் ஆயுதக் கிடங்கில் பழுது பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். இப்போதும் சுங்கை சிப்புட்டில்தான் இருக்கிறேன். என் கைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை அமெரிக்க ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் .38 (இது தோட்டாவின் அளவு). வெப்லி, என்ஃபீல்டு போன்ற பழைய பிரிட்டிஷ் ரிவால்வர்கள் எப்போதாவது வரும், அதுவும் யாராவது ஒப்படைத்து அழிப்புக்குப் போகிற வழியில். கோல்ட் பைதான், டான் வெஸ்ஸன் என்ற அமெரிக்க ரிவால்வர்கள் பற்றி நான் சொல்வது படித்தும், மற்ற ஆயுத மெக்கானிக்குகளிடம் கேட்டும் தெரிந்துகொண்டது.

முதலில் இந்தச் சேர்ப்புக்கு என்ன வேலை என்று பார்ப்போம். ரைபிளில் தோட்டா இருக்கும் அறையும் பேரலும் ஒரே துண்டு. ரிவால்வரில் அப்படியில்லை. தோட்டா சிலிண்டரில், அதாவது சுழலும் உருளையில் இருக்கிறது, குண்டு அங்கிருந்து கிளம்பி ஒரு சின்ன இடைவெளியைத் தாண்டி பேரலுக்குள் நுழைகிறது. அந்த இடைவெளி அதிகமானால் வெடிவாயு பக்கவாட்டில் சீறிக்கொண்டு போகும், குண்டின் வேகம் குறையும். குறைந்தால் நாலு சுற்று சுட்டதும் புகைக்கரி அடைத்துச் சிலிண்டர் சுற்றாமல் நிற்கும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .38-இல் 0.10 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை ஏற்றுக்கொள்ளலாம், 0.15 இருந்தால் திருப்தி. பேரலைச் சட்டத்தில் எந்த இடத்தில் நிறுத்துகிறோமோ அதுதான் இந்த இடைவெளியை முடிவு செய்கிறது. அதே சேர்ப்புதான் பேரலின் பின்வாய் சிலிண்டர் அறைக்கு நேராக இருக்கிறதா என்பதையும், முன்குறி (குறிபார்க்கப் பேரல் நுனியில் இருக்கும் முனை) நிமிர்ந்து நிற்கிறதா என்பதையும் முடிவு செய்கிறது. ஆக, ஒரே மூட்டில் பல விஷயம் மாட்டியிருக்கிறது.

இதில் எத்தனை நுணுக்கம் இருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .38 பேரலின் மரை ஓர் அங்குலத்துக்கு 36 புரி. ஒரு முழுச் சுற்று சுற்றினால் பேரல் சுமார் 0.7 மில்லிமீட்டர் உள்ளே போகும். கால் சுற்றுக்கு 0.18 மில்லிமீட்டர். அனுமதிக்கப்பட்ட இடைவெளியின் மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் உள்ள வித்தியாசமே 0.15தான். அதாவது, பேரல் இறுகி நிற்கும்போது முன்குறி கால் சுற்று தள்ளி நின்றால், "கொஞ்சம் திருப்பி நேராக்கிவிடலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. பேரலின் தோள், அதாவது சட்டத்தின் முகத்தில் போய் முட்டும் விளிம்பு, அதை லேத்தில் துளித் துளியாகச் சீவி, முன்குறி நேராக நிற்கும் அதே நொடியில் தோளும் இறுகும்படி கொண்டுவர வேண்டும். அதன்பிறகு பின்வாயின் முகத்தைச் சீவி இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். பழைய தொழிற்சாலைகளில் இந்த வேலைக்கென்றே ஆட்கள் இருந்தார்கள். தரம் என்று நாம் சொல்வதில் பாதி அந்த ஆளின் பொறுமை.

இந்த முறைகள் ஒரே நாளில் வந்ததில்லை. சாமுவேல் கோல்ட் 1836-இல் காப்புரிமை வாங்கிய காலத்திலிருந்து, 1847 வாக்கர், 1851 நேவி என்று வந்த அவருடைய பழைய ரிவால்வர்களில் சிலிண்டருக்கு மேலே பட்டையே கிடையாது. சிலிண்டர் சுழலும் தடித்த அச்சு முன்னால் நீண்டு பேரலின் அடிப்பாகத்துக்குள் நுழையும், குறுக்கே ஓர் ஆப்பை அடித்து இறுக்குவார்கள். கழற்றிச் சுத்தம் செய்ய அருமையான முறை. ஆனால் ஆப்பை எவ்வளவு அடிக்கிறோம் என்பதைப் பொறுத்து இடைவெளி மாறும், அதிகம் அடித்தால் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். அச்சின் நுனி பேரலுக்குள் இருக்கும் குழியின் அடியில் போய் முட்டியிருந்தால் இந்தத் தொல்லை வராது. அப்படி முட்டும் அளவுக்கு வேலை செய்திருந்தால் ஆப்பு முறைகூட உறுதியானதுதான். நம் காலத்தில் இத்தாலியில் செய்த பல நகல்களில் அச்சு குட்டையாக இருப்பதால்தான் அவை ஆட்டம் காண்கின்றன. முறை ஒன்று, வேலை வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. இன்னொன்றும் கவனியுங்கள். அந்தக் கோல்ட்டுகளில் பின்குறி சுத்தியலின் தலையில் வெட்டிய பள்ளம், முன்குறி பேரலில். இரண்டுக்கும் நடுவில் ஒரு கழற்றக்கூடிய மூட்டு, அது ஆடினால் குறியும் ஆடும்.

அதே 1851-இல் லண்டன் மகா கண்காட்சியில் கோல்ட்டுக்குப் போட்டியாக நின்ற ராபர்ட் ஆடம்ஸின் ரிவால்வர் இதற்கு நேர் எதிர். சட்டமும் பேரலும் ஒரே இரும்பிலிருந்து அடித்து உருவாக்கியவை. மூட்டே கிடையாது, ஆகவே தளர எதுவும் இல்லை. கேட்பதற்கு இதுதான் உச்சம் என்று தோன்றும். ஆனால் பேரல் தேய்ந்தாலோ வீங்கினாலோ மொத்தச் சட்டமும் போச்சு. செய்வதும் செலவு. ரெமிங்டன் நடுவழியைப் பிடித்தது: சிலிண்டரைச் சுற்றி நாலு பக்கமும் மூடிய சட்டம், அதில் பேரலை மரையால் திருகுவது. 1873-இல் கோல்ட்டும் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி என்ற ரிவால்வரில் அந்த வழிக்கே வந்தது. அதற்குப் பிறகு பெரும்பாலான ரிவால்வர்களுக்கு இதுதான் வழக்கமாகிவிட்டது.

சரி, பின்னுக்கு வருகிறேன். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பேரல் சட்டத்துக்குள் நுழையும் இடத்தில், மேல்பட்டைக்குக் கீழே ஒரு சின்ன வட்டப் புள்ளி தெரியும். மறுபக்கமும் அதே இடத்தில் தெரியும். அது குறுக்கே அடித்த ஒரு பின். பேரலின் மரை மேல்பாகத்தில் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கும், பின் அந்த வாய்க்காலில் உட்கார்ந்திருக்கும். பலர் இதை அச்சாணி மாதிரி நினைக்கிறார்கள், உருவினால் பேரல் கழன்றுவிடும் என்று. அப்படியில்லை. பேரலைப் பிடித்து வைத்திருப்பது மரையும், சட்டத்தின் முகத்தில் நசுங்கி இறுகிய தோளும்தான். பேரல் ஒருவேளை தளர்ந்தாலும் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே பின்னின் வேலை. தளர்ந்த பேரலைப் பின் இறுக்காது, கோணலாக நிற்கும் பேரலை நேராக்காது, இடைவெளியையும் மாற்றாது.

1982 வாக்கில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இந்தப் பின்னை விட்டுவிட்டது. மேக்னம் என்ற பலமான தோட்டாக்களுக்கான சிலிண்டர்களில் தோட்டாவின் விளிம்பு உள்ளே அமிழும்படி அறையைக் குடைந்து வந்ததையும் அதே காலத்தில் நிறுத்தியது. இந்த இரண்டும் ஒன்றாகப் போனதால், இரண்டும் சேர்ந்து இருப்பதைச் சேகரிப்போர் ஒரு தர முத்திரையாகவே பேச ஆரம்பித்தார்கள். சந்தையில் விலையும் அதற்கேற்ப ஏறியது. விலை ஏறியது உண்மை. அதிலிருந்து வேலையும் சிறந்தது என்று முடிவு கட்டுவதுதான் சரியில்லை. மூன்று காரணம் சொல்கிறேன். ஒன்று, கோல்ட் நிறுவனம் விசையை இழுத்தாலே சுத்தியலும் எழும் தன் டபுள் ஆக்‌ஷன் ரிவால்வர்களில் இந்தப் பின்னை வைத்ததே இல்லை. 1955-இல் வந்த பைதானை உலகின் மிகச் சுத்தமான வேலைப்பாடுகளில் ஒன்று என்று கொண்டாடுகிறார்கள், அதிலும் பின் இல்லை. இத்தனைக்கும் கோல்ட் பேரலின் உள்வரி, அதாவது குண்டைச் சுழலவைக்க உள்ளே வெட்டிய திருகு வரி, இடப்பக்கம் சுழல்வது. குண்டு அதில் சுழன்று போகும்போது எழும் எதிர்விசை, வலமரையில் இருக்கும் பேரலைக் கழற்றும் திசையிலேயே தள்ளும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் உள்வரி வலப்பக்கம் சுழல்வதால் அங்கே அதே விசை பேரலை இறுக்கும் திசையில் போகிறது. கழற்றும் விசை இருக்கும் இடத்தில் பின் இல்லை, இறுக்கும் விசை இருக்கும் இடத்தில் பின் இருந்தது. இதிலிருந்தே தெரியும், தோளின் இறுக்கம்தான் எல்லாம்.

இரண்டாவது காரணம், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1965-இல் பாங்கர் புன்டா என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. அதற்குப் பிந்தைய 1970-களின் உற்பத்தியில் பொருத்தம் சீராக இல்லை என்று சேகரிப்போரே குறை சொல்வார்கள். அந்த ரிவால்வர்கள் எல்லாவற்றிலும் பின் உண்டு. மூன்றாவது, மாடல் 19. அதுவும் 1955-இல் வந்தது, நடுத்தரச் சட்டத்தில் .357 மேக்னம். சிலிண்டரைத் தாங்கும் கைக்கு இடம் வேண்டும் என்பதற்காக அதன் பேரல் பின்வாயின் அடியில் தட்டையாகச் சீவியிருப்பார்கள். எடை குறைந்த, வேகம் கூடிய மேக்னம் தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டால் அந்த மெல்லிய இடத்தில் விரிசல் விடும். இதில் பின் அடித்தவை ஏராளம், பின் அந்த விரிசலைத் தடுக்கவில்லை. அதைத் தீர்த்தது 1980-களின் தொடக்கத்தில் வந்த 586, 686 வகைகளின் பெரிய சட்டமும் தடித்த பின்வாயும். அவை பின் இல்லாமலே வந்தன.

பின்னுக்காகப் பேசுபவர்களிடம் ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். பின் காவலுக்கு இருந்ததால் பேரலை மிதமாக இறுக்கினாலே போதும், பின் போன பிறகு இன்னும் பலமாக இறுக்க வேண்டியிருந்தது, அப்படி இறுக்கியதால் பேரலின் உள்விட்டம் மரைப் பகுதியில் சற்றே சுருங்கியது என்பார்கள். சுருக்கம் என்பது கற்பனையில்லை, நானே விரலால் உணர்ந்திருக்கிறேன். காலி செய்து, சிலிண்டரை வெளியே தள்ளி, எண்ணெய் தடவிய ஈயக் குண்டு ஒன்றை முன்வாயிலிருந்து மரக்கோலால் மெதுவாகத் தள்ளிக்கொண்டு வருவோம். குண்டு ஒரே சீராக வழுக்கிக்கொண்டு வரும், சட்டத்துக்குள் நுழையும் இடத்துக்கு வந்ததும் கோல் திடீரென்று கனக்கும். கொஞ்சம் அழுத்தினால் தாண்டிப் போகும். அந்த இடம்தான் சுருக்கம். ஈயக் குண்டு பின்னாலிருந்து வரும்போது முதலில் அந்த இடத்தில் நசுங்கி ஒல்லியாகிவிடும், மீதிப் பேரலில் தளர்ந்து ஓடும். ஈயம் படியும், குறி சிதறும். உறை போட்ட குண்டில் இவ்வளவு தெரியாது.

ஆனால் இந்தச் சுருக்கம் பின் உள்ளவற்றில் குறைவு, இல்லாதவற்றில் அதிகம் என்று பொதுவாகச் சொல்ல முடியுமா என்பது எனக்குச் சந்தேகம். பின் உள்ளவற்றிலும் சுருங்கியதைப் பார்த்திருக்கிறேன், பின் இல்லாதவற்றில் சீராக ஓடியதையும் பார்த்திருக்கிறேன். என் கைக்கு வந்தவையோ போலீஸ் பணியில் தேய்ந்தவை, சிலவற்றில் பேரல் ஏற்கெனவே மாற்றப்பட்டிருக்கும். அதை வைத்து ஒரு தொழிற்சாலையின் முப்பது வருட வேலைக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. "அந்தக் காலத்து எஃகே வேறு" என்ற பேச்சும் அப்படித்தான். பழையதில் நல்ல எஃகும் உண்டு, மட்டமான எஃகும் உண்டு. முந்தைய நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினின் எய்பார் ஊரிலிருந்து ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், கோல்ட் தோற்றத்தில் வந்து குவிந்த நகல்களில் இரண்டு வகையும் கலந்திருந்தன. வெளித்தோற்றம் அசலைப் போலவே இருக்கும், உள்ளே இரும்பு மென்மையாக இருக்கும்.

இடைவெளிக்கு அடுத்தபடி நான் முதலில் பார்ப்பது முன்குறியின் நிமிர்வு. சுடும் திடலில் ஒரு கான்ஸ்டபிள் "சார், இது இடப்பக்கமே போகுது" என்று கொண்டுவந்து கொடுத்தால், முதலில் அவருடைய விரலைச் சந்தேகப்படுவது எங்கள் வழக்கம், பெரும்பாலும் அதுதான் காரணமாகவும் இருக்கும். ஆனால் ரிவால்வரைக் காலி செய்து மேசையில் வைத்து, பின்னாலிருந்து மேல்பட்டையின் பள்ளத்தோடு முன்குறியைப் பார்த்தால் சில சமயம் அது வலப்பக்கம் தலைசாய்ந்திருக்கும். ஒரு பாகை சாய்ந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் பாருங்கள். குறியின் தலை பேரல் நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் உயரம். ஒரு பாகைக்கு அது கால் மில்லிமீட்டர் விலகும். இரண்டு குறிகளுக்கும் நடுவே 150 மில்லிமீட்டர் தூரம் என்றால் 25 மீட்டரில் சுமார் 4 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். குறி வலப்பக்கம் சாய்ந்தால் குண்டு இடப்பக்கம். மரை வலமரை என்பதால், வலப்பக்கச் சாய்வு பேரல் போதுமான அளவு திருகப்படவில்லை என்பதைக் காட்டும், இடப்பக்கச் சாய்வு அளவுக்கு மீறித் திருகப்பட்டதைக் காட்டும். பின்குறியை நகர்த்த முடியாத பணி ரிவால்வர்களில் இதைத் திருத்த பேரலையே தொட வேண்டும். பின் அடித்த ரிவால்வராக இருந்தால் முதலில் பின்னை எடுக்க வேண்டும், சரிசெய்த பிறகு பழைய வாய்க்கால் புதிய இடத்துக்கு நேராக நிற்காது. பழுது பார்ப்பவனுக்குப் பின் உதவியா தொல்லையா என்று கேட்டால், தொல்லை என்றுதான் சொல்வேன்.

இன்னொரு விஷயம் பலர் கவனிக்காதது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் பேரலின் அடியில் ஒரு சின்னத் திமில் இருக்கிறது. காலித் தோட்டாக்களைத் தள்ளும் கம்பியின் நுனியை அதற்குள்ளிருக்கும் விசைப்பூட்டு பிடித்துக்கொள்கிறது. பேரல் சாய்ந்தால் அந்தத் திமிலும் சாயும், கம்பி நடுவில் பூட்டாது, சிலிண்டர் ஒரு பக்கம் இழுபடும். முன்குறி கோணல் என்பது கண்ணுக்குத் தெரியும் அடையாளம். சிலிண்டரின் நேர்த்தி கெடுவது அதற்குப் பின்னால் மறைந்திருக்கும் கேடு.

வெப்லி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் படத்தில் இருப்பது அதுவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பிரிட்டிஷ் ராணுவம் 1887-இல் வெப்லியை எடுத்துக்கொண்டது, .455 அளவு. பிறகு .38-க்கு மாறி 1932-இல் என்ஃபீல்டு நம்பர் 2 வந்தது. வெப்லியின் .38 மார்க் 4-உம் இரண்டாம் உலகப் போரில் சேர்ந்துகொண்டது. காலனி போலீஸ் படைகளிடமும் இவை இருந்தன. சிங்கப்பூர் போலீஸுக்கென்றே பாதுகாப்புப் பூட்டு வைத்துச் செய்த வெப்லிகள் உண்டு, ரிவால்வரில் அப்படி ஒரு பூட்டு அபூர்வம். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவசரகாலம் பிறந்தது. அதன்பிறகு இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் துரை ஆயுதம் இல்லாமல் பெரட்டுக் களத்துக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) வந்திருக்க மாட்டார்.

வெப்லியில் பேரலும் மேல்பட்டையும் ஒரே துண்டு. அங்கே மரையும் இல்லை, பின்னும் இல்லை. அந்தத் துண்டு முன்னால் அடியில் ஒரு கீலில் மடிகிறது, பின்னால் லாடம் மாதிரி ஒரு பூட்டு இரண்டு பக்கமும் வளைந்து வந்து சட்டத்தோடு பிடித்துக்கொள்கிறது. "நடுவில் மடிகிறது, ஆகவே பேரல் ஆடும்" என்பது பாதிதான் சரி. சிலிண்டரின் அச்சு பேரல் துண்டிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது, பேரல் மடியும்போது சிலிண்டரும் கூடவே வருகிறது. ஆகவே பூட்டு தேய்ந்தாலும் பேரலுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளி மாறாது. அந்த இடத்தில் வெப்லி, மரை போட்ட ரிவால்வருக்குச் சற்றும் சளைத்ததில்லை. தேய்மானம் காட்டுவது பின்பக்கத்தில். சிலிண்டரின் பின்முகத்துக்கும் அதற்குப் பின்னால் சுவர் மாதிரி நிற்கும் சட்டத்தின் கேடயத்துக்கும் நடுவே ஆட்டம் கூடும், தோட்டாவின் அடி பின்னால் தள்ளப்படும், சுத்தியல் ஊசி அதைச் சரியாக எட்டாமல் போகலாம். அப்புறம் குறி. வெப்லியின் பின்குறிப் பள்ளம் அந்த லாடப் பூட்டின் தலையிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. பூட்டு ஆடினால் பின்குறி ஆடும். மூடிய வெப்லியின் பேரலை ஒரு கையால் பிடித்து, மறு கையால் பிடியை மேலும் கீழும் லேசாக அசைத்தால் பூட்டில் ஒரு சின்ன "டக்" கேட்கும், அல்லது கேட்காது. கேட்காதது நல்ல வெப்லி. அதன் தரத்தைப் பற்றி முதலில் பேசுவது அந்தச் சத்தம்தான்.

மடிகிற சட்டத்துக்கு ஓர் உண்மையான எல்லை உண்டு. மேக்னம் போன்ற உயர் அழுத்தத் தோட்டாக்களுக்கு அது ஏற்றதில்லை, அழுத்தம் எல்லாம் கீலிலும் பூட்டிலும் போய் விழும். பிரிட்டிஷ் ராணுவத்தின் .38/200 போன்ற மிதமான தோட்டாவுக்கு அது போதும், அதற்காகத்தான் செய்தார்கள்.

பேரலைத் திருகி இறுக்குவதற்குப் பதிலாக இழுத்துப் பிடிப்பது டான் வெஸ்ஸன் முறை. 1968-இல் தொடங்கிய நிறுவனம் அது. மெல்லிய பேரலைச் சட்டத்தில் திருகி, மேலே ஓர் உறையை மாட்டி, முன்வாயில் ஒரு நட்டால் இறுக்குவார்கள். இடைவெளியைப் பயன்படுத்துபவரே ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) வைத்து அமைத்துக்கொள்ளலாம். உறைதான் குறியைத் தாங்குகிறது, பேரலை எந்தக் கோணத்தில் நிறுத்தினாலும் முன்குறி சாயாது. அதன் துல்லியத்தை இலக்குச் சுடுவோர் பாராட்டுகிறார்கள். பேரல் இழுவிசையில் இருப்பதால்தான் அந்தத் துல்லியம் என்கிறார்கள். நல்ல பேரலும் சரியான இடைவெளியும் இருந்தால் இழுவிசை இல்லாமலே அது வருமே என்பது என் எண்ணம்.

தோட்டத்து ரிவால்வர்களுக்கு இதையெல்லாம்விடப் பெரிய எதிரி நம் ஊர்க் காற்றுதான். பேரலும் சட்டமும் சேரும் விளிம்பில் வியர்வையும் ஈரமும் போய் உட்காரும், துடைக்கும் துணி அங்கே எட்டாது. தோல் உறையிலேயே போட்டு அலமாரியில் வைத்தால் பதனிட்ட தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு இரும்பை அரிக்கும். ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம் இருக்கும் ஸ்டோரில் வைத்தால் இன்னும் வேகம். போதாததற்கு அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் ராணுவத் தோட்டாவின் தீப்பொறி மருந்து சுட்டபின் ஒருவகை உப்பை விட்டுச் செல்லும், அது காற்றின் ஈரத்தை இழுக்கும். கொதிநீர் ஊற்றிக் கழுவினால்தான் போகும், வெறும் எண்ணெய் போதாது. இப்படிப் பின்வாய் அரித்துப்போன வெப்லிகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படும். வெளியே நீலம் மின்னும், உள்ளே வரிகள் புழு அரித்த மாதிரி இருக்கும். அந்த நிலைக்குப் போன பிறகு பேரலை எந்த முறையில் பொருத்தினார்கள் என்பது பேச்சே இல்லை.

ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பழைய பங்களாவிலோ, லயத்துக் கூரையிலோ, தாத்தா பெட்டியிலோ ஒரு ரிவால்வர் கிடைத்தால், துருப்பிடித்து ஓடாததாக இருந்தாலும், வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள், தூக்கிக்கொண்டும் போகாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு போலீஸ் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள், அவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். 1971-இன் துப்பாக்கிக் கடுந்தண்டனைச் சட்டத்தில் அதற்கு 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் இருக்கிறது. நினைவுப் பொருள் என்ற சமாதானம் அங்கே எடுபடாது. பழைய ஆயுதங்களைக் கண்ணால் பார்க்கத்தான் ஆசை என்றால் கோலாலம்பூரில் போலீஸ் அருங்காட்சியகம் இருக்கிறது.

இனி உங்கள் படம். உறையிலிருந்து வெளியே தெரியும் பின்பாகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சுத்தியலுக்கு முன்னால், சட்டத்தின் இரண்டு பக்கமும் லாடம் மாதிரி வளைந்த பூட்டும், இடப்பக்கத்தில் கட்டைவிரலுக்கு ஒரு நெம்புகோலும் தெரிந்தால் அது வெப்லி குடும்பம். அதே இடம் மழமழவென்று, மேல்பட்டை ஒரே கோடாகச் சட்டத்தோடு கலந்து, இடப்பக்கம் சின்னப் பொத்தான் மட்டும் இருந்தால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனாக இருக்கலாம். போர்க்காலத்தில் பிரிட்டனுக்கும் காமன்வெல்த் நாடுகளுக்கும் .38/200 அளவில் ஐந்து லட்சத்துக்கும் மேல் அனுப்பிய விக்டரி வகை அது. மங்கிய சாம்பல் நிறம், பிடியின் அடியில் கயிறு கட்டும் வளையம், பெரும்பாலும் ஐந்து அங்குலப் பேரல். அந்த வளையம் வெப்லியிலும் உண்டு, ஆகவே அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். உறை குட்டையாக இருந்தால் பேரலை வெட்டிய விக்டரியோ என்று பாருங்கள். போருக்குப் பிறகு பலர் அப்படி வெட்டினார்கள். வெட்டும்போது அடியிலிருக்கும் திமிலும் சேர்ந்து போனால் கம்பியின் முன்பூட்டு இல்லாமல் போகும், முன்குறியையும் மறுபடி ஒட்ட வேண்டிவரும். அந்தத் துப்பாக்கிகளிலும் தொழிற்சாலை அடித்த பின் அப்படியே இருக்கும். படத்தை நல்ல தெளிவில் ஸ்கேன் செய்து போட்டால் எது என்று சொல்லப் பார்க்கிறேன். முகங்களை மறைத்துவிடலாம், இடுப்புப் பகுதி மட்டும் போதும்.